நான்கு காலும் தரையில்

சாவி துவாரத்தைத் தொடும் முன்பே
நான்காம் மாடி முழுக்கக் கேட்கும்
வேத்ராவின் நகங்கள் கதவைப் பிராண்டுவது.
எங்கள் மொழியில் புயல் என்று அர்த்தம்.
வைத்தவள் நான்தான். யாரை நொந்துகொள்ள?

திறந்தால் மார்பில் இரண்டு கால்,
மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம்,
ரொட்டிப் பை ஒரு பக்கம்.
ஒருமுறை கீழ்வீட்டு யத்விகாவின்
பீட்ரூட் சூப் படிக்கட்டு நெடுக.

க்ளைபெடா துறைமுகத்தில்
பால்டிக் காற்று கிரேனை உலுக்கும்போதும்
முப்பது டன் பெட்டியை
முட்டையைப் போல இறக்கி வைக்கிறவள் நான்.
பதினெட்டுக் கிலோ நாயை
என்னால் தரையில் நிறுத்த முடியவில்லை.

"கத்தாதே" என்றான் பயிற்சிக்காரன் அர்விதாஸ்.
"நீ கத்தினால், நீயும் சேர்ந்து குரைக்கிறாய் என்று நினைக்கும்.
தள்ளாதே, அது விளையாட்டாகிவிடும்.
முதுகைக் காட்டு. மரமாக நில்.
நான்கு காலும் தரையில் பட்ட நொடியில்
ஒரு துண்டு பாலாடைக்கட்டி.
கொஞ்சாமல்."
அறுபது யூரோ வாங்கிக்கொண்டு
இவ்வளவுதான் சொன்னான்.

நவம்பர் முழுக்க
எங்கேயும் போகாமலே பூட்ஸ் மாட்டினேன், கழற்றினேன்.
கழுத்துவாரை எடுத்தேன், திரும்ப ஆணியில் மாட்டினேன்.
நாற்பது முறை. ஐம்பது முறை.
சாவிக்கொத்தை ஆட்டிவிட்டு
உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினேன்.
வெளியே நின்று
என் கதவை நானே தட்டினேன்.
யத்விகா எட்டிப் பார்த்தாள்.
"உள்ளே யாருமில்லையா?"
"நாய் இருக்கிறது."
சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

மாந்த்விதாஸ் விட்டுப்போன பச்சைக் கம்பளி
அதன் இடமானது.
படுத்தால் ஒரு துண்டு.
மூச்சு நீண்டால் இன்னொன்று.
எதுவும் செய்யாமல் இருப்பதற்கு
ஓர் உயிருக்குக் கூலி கொடுப்பது
முதலில் எனக்கே வேடிக்கையாக இருந்தது.

முதல் பனி விழுந்த அன்று எல்லாம் பாழ்.
தபால்காரரின் தொப்பியைக் கடித்துக் குதறிவிட்டது.
சமையலறைத் தரையில் உட்கார்ந்து
மிச்சப் பாலாடைக்கட்டியை
நானே தின்று தீர்த்தேன்.
மறுநாள் மறுபடி பூட்ஸ். மறுபடி ஆணி.

பிப்ரவரியில் ஒரு குறுஞ்செய்தி.
"வெள்ளிக்கிழமை வருகிறேன். ஒரு மணி நேரம்."
பதினான்கு மாதத்துக்குப் பிறகு, என் மகன்.
போகும்போது சொல்லிவிட்டுப் போனவன்:
"கதவைத் திறந்ததும் மேலே விழுகிறாய் அம்மா.
சாப்பிட்டாயா, ஏன் இளைத்தாய், யாரோடு இருக்கிறாய்…
கொஞ்சம் மூச்சுவிட விடு."

காலடியோசை எனக்கு முன்பே அதற்குக் கேட்டது.
முதல் மாடி. இரண்டாம் மாடி.
வேத்ராவின் காது விறைத்தது.
என் கை தாழ்ப்பாள் வரை போயிருந்தது.
கையை எடுத்து
மேலங்கிப் பையில் போட்டேன்.

தட்டினான்.
ஐந்து எண்ணிவிட்டுத் திறந்தேன்.
தாடி வைத்திருக்கிறான்.
இடது புருவத்தில் ஒரு புதுத் தழும்பு.
கேள்வி நாக்கு நுனிவரை பாய்ந்து வந்தது.
உட்கார் என்றேன் அதனிடம், மனதுக்குள்.

"வா. தண்ணீர் கொதிக்கிறது."
முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தேன்.
ஏழு அடிதான் தூரம்.
துறைமுகத்தையே குறுக்கே நடந்தது போலிருந்தது.

கோட்டைக் கழற்றாமல்
கொஞ்ச நேரம் நடையிலேயே நின்றான்.
நான் பார்க்கவில்லை. கெட்டிலின் வளைந்த வயிற்றில்
ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தான்.
பிறகு அந்தக் கோடு குட்டையானது.
குந்தியிருக்கிறான்.
"ஏய், இது என் கம்பளி" என்கிறான்.

எழவில்லை அது. உடம்பெல்லாம் நடுக்கம்,
ஆனாலும் நான்கு காலும் தரையில்.
வாலுக்கு மட்டும்
அர்விதாஸ் எதுவும் சொல்லித்தரவில்லை.
பலகைத் தரையை அது
அடி அடியென்று அடித்துக்கொண்டிருக்க,
கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம்.

சர்க்கரை எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை நான்.
கோப்பைக்குள் கரண்டி
தானாகக் கிணுகிணுத்தது.